இறங்குகிறவர் சொல்லிவிட்டு இறங்க வேண்டும்

பிப்ரவரி 3

அன்புள்ள சுண்டுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் ஒரு வகையில் நலம். அது என்ன வகை என்பதைக் கீழே எழுதுகிறேன், பதறாதே. நீ இப்போது எந்தக் கடலில் மிதக்கிறாயோ தெரியாது. கப்பல் முழுக்கச் சமைத்துப் போட்டுவிட்டு, நீ மட்டும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே சாப்பிடும் பழக்கத்தை விட்டுவிட்டாய் என்று நம்புகிறேன்.

இத்தனை காலம் கழித்து இவளுக்கு என்ன திடீர்க் கடிதம் என்று நினைப்பாய். நடுக்கடலில் உன் போன் எடுக்காது என்பது பழைய கதை. புதிய கதை என்னவென்றால், போனைக் காதில் வைத்தால் எனக்குள் ஒரு வண்டு பறக்கிறது, திரையைப் பார்த்தால் எழுத்தெல்லாம் ஆற்றில் போகிறது. காகிதம் மட்டும்தான் அசையாமல் இருக்கிறது. அதனால் உன் கம்பெனியின் துறைமுக அலுவலகத்து முகவரிக்கு எழுதுகிறேன். அவர்கள் கப்பலுக்கு அனுப்பிவைப்பார்கள் அல்லவா?

போன மாதம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது சும்மா போகாமல் என் இடது காதுக்குள் கை வைத்துவிட்டுப் போய்விட்டது. காலையில் கண் விழித்தால் ஜன்னல் மெதுவாக ஒரு பக்கமாக நகர்ந்து போகிறது. அலமாரி அதன் பின்னாலேயே போகிறது. நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் திரும்பி வரட்டும் என்று படுத்திருக்கிறேன். எழுந்து நடந்தால் தரை பஞ்சாக இருக்கிறது. பாதிக் கனவிலிருந்து யாரோ எழுப்பிவிட்டு, மீதிக் கனவை இன்னும் அணைக்காமல் விட்டதுபோல இருக்கிறது.

காது டாக்டர் சொன்னார்: "காதுக்குள்ள மட்டம் பாக்குற கருவி ஒண்ணு இருக்கும்மா. உங்களுக்கு ஒரு பக்கம் அது படுத்துருச்சு. மூளை திரும்பக் கத்துக்கும். ஆனா நீங்க நடக்க நடக்கத்தான் அது கத்துக்கும். படுத்தே இருந்தீங்கன்னா அதுவும் படுத்துக்கும்."

என் வேலை உனக்குத் தெரியும். நாடக அரங்கில் விளக்குப் போடுகிறவளுக்கு, மேடைக்கு மேலே தொங்கும் அந்த இரும்புப் பாலம்தான் வீடு. கீழே ராஜா கர்ஜிக்கும்போது அவருடைய வழுக்கை எனக்கு மட்டும்தான் தெரியும். அரங்கை இப்போது பழுது பார்க்கிறார்கள். ஆகஸ்டில் திறப்பு. மேலாளர் வீட்டுக்கே வந்து, தேநீர் குடித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "திறக்குறதுக்கு முன்னாடி நீங்க மேல ஏறி ஒரு விளக்கைத் திருப்பிக் காட்டிருங்க. முடியலேன்னா நான் வேற ஆளைப் பாக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க." நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் போனதும் அழுதேன். அந்தப் பாலம் இல்லாமல் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. சின்ன வயதில் மரக்கடைச் சுவர் மேல் நடப்போமே. நான் எப்போதும் விழுவேன், நீ ஒரு நாளும் விழுந்ததில்லை. எப்படி நடந்தாய்?

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள கொக்கு அக்காவுக்கு,

சுண்டு எழுதும் கடிதம். இங்கே நான் நலம், அண்டாக்கள் நலம், கேப்டனுக்கு மட்டும் வழக்கம்போல் வயிறு சரியில்லை. உனக்கு இப்படி ஆனது தெரிந்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடமாடினேன். பயப்படாதே. டாக்டர் சொன்னது சரி. நம் வீட்டு ஆட்களுக்கு மண்டை கெட்டி, மூளை கற்றுக்கொள்ளக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்.

சுவருக்கு வருகிறேன். நீ விழுந்ததற்குக் காரணம் உன் கால் இல்லை, உன் கண். சுவரில் ஏறியதும் உனக்குக் கீழே இருப்பதெல்லாம் வேண்டும். ஓணான் எங்கே, எறும்புப் புற்று எங்கே, அம்மா விளக்குமாற்றோடு வருகிறாளா என்று குனிந்து குனிந்து பார்ப்பாய். நான் தெருக்கோடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியை மட்டும் பார்ப்பேன். அதன் உச்சியில் ஒரு காக்கா இருந்தால் காக்காவை. காலைப் பார்க்கவே மாட்டேன். காலுக்குத் தன் வேலை தெரியும் அக்கா, நாம் உற்றுப் பார்த்தால்தான் அதற்குக் கூச்சம் வந்துவிடும்.

கப்பலிலும் இதே பாடம்தான். புதிதாக வருகிறவன் கடல் ஆடும்போது கிடைத்த கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவான். பழகியவன் முழங்காலைத் தளர்த்திக்கொண்டு சும்மா நிற்பான். தரை வந்தால் வரட்டும், போனால் போகட்டும். நான் எதையும் பிடிப்பதில்லை. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் மூடி.

அத்தானிடம் என் வணக்கத்தைச் சொல். அவரை ரொம்பக் கவலைப்பட விடாதே, கவலைப்பட்டால் அவர் ஏதாவது கட்டிவைத்துவிடுவார்.

உன் தம்பி,
சுண்டு


மார்ச் 15

அன்புள்ள சுண்டுவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று ஜன்னல் வழக்கத்தைவிடக் குறைவாக நகர்ந்தது. உன் உடம்பு எப்படி? கேப்டன் வயிறு எப்படி?

நீ சொன்னதுபோலவே உன் அத்தான் கட்டிவிட்டார். திரைச்சீலை தைக்கிற மனிதரிடம் கயிற்றுக்கு என்ன பஞ்சம்? படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு ஒன்று, சமையலறையிலிருந்து குளியலறைக்கு ஒன்று, என் இடுப்பு உயரத்துக்கு அளவெடுத்துக் கட்டியிருக்கிறார். நடுவில் முடிச்சுப் போட்டு, முடிச்சு வந்தால் திரும்பு என்று பாடம் வேறு. நேற்று எதிர்வீட்டு அம்மாள் வந்து, "என்னங்க, இவ்வளவு துணி துவைக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. அவருக்குத் தெரிந்த அன்பு அளவெடுத்துக் கட்டுவதுதான்.

ஆனால் கயிறு கையில் இருந்தால் நான் கயிற்றைத்தான் நம்புகிறேன், காலை நம்புவதில்லை. எனவே அவர் கடைக்குப் போனதும் கயிற்றை விட்டுவிட்டுக் கூடத்தின் கோடியில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்தபடி நடக்கிறேன். அதில் ஒரு மலையும் ஒரு குதிரையும் இருக்கின்றன. முதலில் மலைதான் தெரிந்தது. இப்போது குதிரையின் காதுவரை தெரிகிறது. காக்காவுக்குப் பதில் குதிரை.

டாக்டர் அடுத்த பாடம் கொடுத்துவிட்டார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், தலை சுற்றும்வரை. "சுத்தட்டும், பயப்படாதீங்க, சுத்திச் சுத்தித்தான் அடங்கும்" என்கிறார். எனக்கு நம் தட்டாமாலைதான் நினைவுக்கு வந்தது. யோசித்துப் பார், தலை சுற்ற வேண்டும் என்பதற்காகவே அன்று சுற்றினோம். சுற்றவில்லையென்றால் இன்னொரு முறை சுற்றினோம். அதே கிறுகிறுப்புக்கு இன்று மாத்திரை போட்டுக்கொள்கிறேன். அப்போது பயமில்லாமல் இருந்தது எப்படி என்றுதான் புரியவில்லை.

சுற்றி முடித்ததும் நீ என்ன செய்வாய்? நான் வாந்தியெடுத்தது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள். தாமதத்துக்குக் கடல்தான் காரணம் என்று எழுதிவிடலாம், கடல் மறுத்துப் பேசாது.

தட்டாமாலையில் கையைக் குறுக்கே கோத்துக்கொள்வோம். இரண்டு பேரும் பின்னால் சாய வேண்டும், அதுதான் அதில் கஷ்டம். சாயப் பயந்து நிமிர்ந்து நின்றால் இரண்டு பேரும் தடுக்கி விழுவோம். தைரியமாகச் சாய்ந்தால் உன் கனத்தில் நான் நிற்பேன், என் கனத்தில் நீ நிற்பாய். தனியாக யாரும் அப்படிச் சாய முடியாது.

விட்டதும் மண்ணில் மல்லாக்கப் படுப்பேன். கண்ணை மூட மாட்டேன். நீ மூடிக்கொள்வாய், அதனால்தான் உனக்கு வாந்தி. மரமெல்லாம் ஓடும். வானம் ஒரு பக்கமாக வழியும். நான் எதையும் நிறுத்தப் பார்க்க மாட்டேன். எவ்வளவு தூரம்தான் ஓடும், களைத்தால் வந்து நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டே கிடப்பேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு மரமாக வந்து அதனதன் இடத்தில் நிற்கும். அந்த நேரத்தில் உலகம் ரொம்பப் புதிதாக இருக்கும் அக்கா, இப்போதுதான் கழுவிக் கவிழ்த்ததுபோல.

வேறு விசேஷம் இல்லை.

சுண்டு


மே 6

அன்புள்ள சுண்டுவுக்கு,

அக்காவின் அன்பு. உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கூடத்துத் தரையில் மல்லாக்கப் படுத்தேன். கண்ணை மூடவில்லை. மின்விசிறி ஓடியது, காலண்டர் ஓடியது, கயிறெல்லாம் பாம்பாக நெளிந்தது. போய்வாருங்கள் என்று விட்டேன். களைத்து வந்து நின்றன. உன் அத்தான் கதவைத் திறந்து என்னைத் தரையில் பார்த்ததும் அவருடைய தலைதான் சுற்றிவிட்டது.

இப்போது தெருமுனை ரொட்டிக்கடைவரை தனியாகப் போய்வருகிறேன். தனியாக என்றால், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே வருகிறார். நான் திரும்பினால் ஒரு கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். ஒல்லியான கம்பம், பருமனான மனிதர். நான் பார்க்காததுபோல நடக்கிறேன். கல்யாணமான புதிதில்கூட அவர் என் பின்னால் இப்படி வந்ததில்லை.

இரும்புப் பாலத்தை நினைத்தால்தான் பயம். தரை ஒன்று, அந்தரம் ஒன்று. இதற்காக டாக்டர் மெத்தென்ற ஒரு பஞ்சுத் திண்டின் மேல் நிற்கச் சொல்கிறார். அது எனக்கு நம் பலகை விளையாட்டைக் கொண்டுவந்துவிட்டது. எண்ணெய்ப் பீப்பாயைக் குறுக்கே உருட்டிவிட்டு, அதன் மேல் நீளப் பலகை போட்டு, இந்த முனையில் நான், அந்த முனையில் நீ. அதில் யார் முதலில் அசைவோம்? கை எங்கே இருக்கும்? எனக்கு ஒன்றுமே நினைவில்லை, ஒரே ஒரு சட்டத்தைத் தவிர. இறங்குகிறவர் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். சொல்லாமல் குதித்தால் மற்றவர் கதி அதோகதி.

இன்னொன்று. நீ என்ன சமைத்தாய் என்று உன் இரண்டு கடிதத்திலும் ஒரு வரிகூட இல்லை. முன்பெல்லாம் வாழ்த்து அட்டையில்கூட இரண்டு வரி சூப் இருக்கும். சாப்பிடுகிறாயா?

அன்புடன்,
அக்கா


மே 19

அன்புள்ள கொக்கு அக்காவுக்கு,

நலம், நலம், நலம். சாப்பிடுகிறேன். நீ ரொட்டிக்கடைவரை போனதைப் படித்துவிட்டு அறையில் தனியாகச் சிரித்தேன். அத்தானுக்கு ஒரு பருமனான கம்பம் நட்டுக்கொடுக்கச் சொல்லி நகராட்சிக்கு எழுது.

பலகையைப் பற்றி நீ கேட்டதும் எனக்கும் சரியாக நினைவு வரவில்லை. யார் முதலில் அசைவார் என்பதில் குழம்பிவிட்டேன். தப்பாகச் சொல்லி நீ விழுந்துவைத்தால் யார் பதில் சொல்வது? நல்லவேளை, சைக்கிள் கடைக்கு எதிரில் ஒரு பழைய பீப்பாய் கிடக்கிறது. கீழே இறங்கிப் போய், அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம், "இது மேல பலகை போட்டு நிக்கத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன். தெரியாதாம். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு பலகை எடுத்துக்கொடுத்தார். ஓர் அக்காவும் தங்கச்சியும் ஏறினார்கள். பெரியவளுக்கு வாய் நீளம், சின்னவளுக்குப் பல்லே இல்லை. முதலில் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். நான் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெயில் சாயும்வரை பார்த்தேன்.

விஷயம் இதுதான் அக்கா: யாரும் முதலில் அசைவதில்லை. இரண்டு பேரும் சதா அசைந்துகொண்டே இருக்கிறார்கள். ஒருத்தி அசையாமல் நிற்க முயன்றால் அடுத்த நொடி பலகை சாய்கிறது. துளித்துளியாக, முழங்காலில், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். பார்க்கிறவருக்குத்தான் அவர்கள் சும்மா நிற்பதுபோலத் தெரியும். கை எங்கேயும் இல்லை, காற்றில் இருக்கிறது. பெரியவள் கனம், அதனால் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றாள். சின்னவள் பலகையின் கடைசி நுனியில். சின்னவளுக்கு அதில் என்ன பெருமை என்கிறாய்! பல்லில்லாத வாயைத் திறந்து, "நான்தான் அக்காவத் தூக்குறேன்" என்று தெருவுக்கே சொன்னாள்.

இன்று இங்கே அலை அதிகம், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சுண்டு


ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு நலமா? இங்கே நலம்.

உன் எழுத்து கோணலாக இல்லை. கோடு போட்டதுபோல நேராக இருக்கிறது. கப்பலில் சைக்கிள் கடை இருப்பதும், வெயில் சாயும்வரை அதன் எதிரில் உட்கார்ந்து பார்க்கச் சமையல்காரனுக்கு நேரம் இருப்பதும் எனக்குத் தெரியாது. துறைமுகத்தில் ஒரு நாள் நின்றிருப்பீர்கள் என்று உன் அத்தான் சொல்கிறார். அப்படியும் இருக்கலாம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்கு வராதே, அதனால் இந்தக் கடிதத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். பழுது வேலை முடியப்போகிறது. இந்த மாதக் கடைசியில் மேலே ஏறிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

உன்னையே நினைத்திருக்கும்,
அக்கா


ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. அலுவலகத்தில் கடிதம் தேங்கியிருக்கலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

நேற்று அரங்குக்குப் போனேன். புதுப் பெயிண்ட் வாசனை. நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள், ஆளில்லாத அரங்கு முழுக்க மேகம் வந்து உட்கார்ந்திருந்ததுபோல இருந்தது. சுவரோடு பதித்த இரும்பு ஏணி. இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன், சுண்டு. ஏணிக்கு மேலே சுவரில் ஒரு பல்லி இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே ஏறிவிட்டேன். பாலத்துக்கும் போய்விட்டேன். தலை கொஞ்சம் சுற்றியது, சுற்றட்டும் என்று விட்டேன். மேலாளர் கீழேயிருந்து கைதட்டினார்.

"இப்ப அந்த மூணாவது விளக்கைத் திருப்புங்க" என்றார்.

விளக்கைத் திருப்ப இரண்டு கையும் வேண்டும். ஒரு கையால் திருகாணியை இளக்க வேண்டும், இன்னொரு கையால் விளக்கைத் தாங்க வேண்டும். என் கை கம்பியை விடவில்லை. நான் விடச் சொல்கிறேன், அது கேட்கவில்லை. பெல்ட் இருக்கிறது, விழ மாட்டேன் என்று தெரியும். புத்திக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. கடைசியில் உன் அத்தான் கீழேயிருந்து, "போதும்மா, இறங்கி வந்துரு" என்றார். அவர் குரலில் இருந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திறப்புக்கு முதல் நாள் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். அவர் கண்ணில் நம்பிக்கை இல்லை. என் கண்ணில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

ஏறத் தெரிகிறது, கையை விடத் தெரியவில்லை. இதற்கு நம்மிடம் ஏதாவது விளையாட்டு இருந்ததா?

அக்கா


ஜூலை 10

அக்கா,

நலமா என்று கேட்டு, நலம் என்று பொய் எழுத இந்த முறை மனம் வரவில்லை.

நான் கப்பலில் இல்லை. உன் முதல் கடிதம் வரும்போதே கப்பலில் இல்லை. துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். கம்பெனி அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. உன் கடிதங்களை அங்கே போய் வாங்கிவருவதுதான் நான் வெளியே போகும் வேலை. ரொம்ப நாள் அது ஒன்றுதான் வேலையாக இருந்தது.

வருஷம் பிறந்த சமயத்தில் ஒரு மோசமான கடல். அதைவிட மோசமானதெல்லாம் பார்த்தவன்தான் நான். அன்று என்ன ஆனதோ, கப்பல் ஒரு முறை எழும்பி விழுந்தபோது சமையலறைக் கம்பியைப் பிடித்தேன். கடல் அடங்கிவிட்டது. எல்லாரும் சாப்பிட வந்து தட்டோடு நின்றார்கள். நான் பிடித்தபடியே நின்றேன். "என்னய்யா ஆச்சு, விடுய்யா" என்று கேப்டனே வந்து கெஞ்சினார். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள். அதன் பிறகு கப்பல் லேசாக அசைந்தாலும் கை தானாக எதையாவது தேடிப் போய்விடும். கையில் எப்போதும் கம்பி இருந்தால் கரண்டியை எப்படிப் பிடிப்பது? கரை வந்ததும், "கொஞ்ச நாள் இருந்துட்டு வா" என்று நல்லபடியாகவே இறக்கிவிட்டார்கள்.

நான் எதையும் பிடிப்பதில்லை என்று உனக்கு எழுதினேனே, அப்போது இடது கையால் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுதினேன். சுவரில் விழாத தம்பி என்று நீ கேட்டு வந்திருக்கும்போது, அவன் விழுந்துவிட்டான் என்று எப்படிச் சொல்வது? நீ விழாமல் இருக்க வேண்டுமே என்று சொல்லவில்லை. அது பாதி உண்மை. மீதிப் பாதி வெட்கம்.

ஒன்று சொல்லட்டுமா? நீ கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேடித்தான் நான் மாடியை விட்டு இறங்கினேன். பலகைக்காக இறங்கிய அன்று, தெருவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க என் கை எதையும் பிடித்திருக்கவில்லை. திரும்பி வந்து படியில் கால் வைத்தபோதுதான் அது எனக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு உன் கேள்வி வந்தது, சைக்கிள் கடை எப்படி என்று. மறுபடி மேலே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கையை விடுவதற்கு விளையாட்டு எதுவும் எனக்குத் தெரியாது அக்கா. தெரிந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சுண்டு


ஜூலை 16

என் கண்ணான தம்பிக்கு,

முதலில் திட்டிவிடுகிறேன். இறங்குகிறவர் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். ஆறு மாதமாக அந்த முனையில் ஆளில்லாத பலகையில் என்னை நிறுத்திவைத்திருக்கிறாய், தடிப்பயலே. அதுவும் சமைக்காமல் எதையோ தின்றுகொண்டு தனியறையில். அம்மா இருந்திருந்தால் விளக்குமாறு ரயிலேறி வந்திருக்கும்.

திட்டி முடித்துவிட்டேன். உன் கடிதத்தை உன் அத்தானிடம் கொடுத்தேன். படித்துவிட்டு நேரே உள்ளே போய்ப் பின்னறையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டார். கயிற்றுச் சுருளைக் கையில் எடுத்தார். "ஐயா, அவனுக்காவது கட்டாதீங்க" என்றேன். யோசித்துவிட்டுக் கீழே வைத்தார்.

ஆளில்லாத முனை என்று நான் எழுதியது தப்பு என்றும் தோன்றுகிறது. யாரோ நின்றார்கள், இல்லையென்றால் நான் ரொட்டிக்கடைவரை போயிருக்க முடியாது. நீ நின்றாய். மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டாவது நின்றாய்.

இப்போது விஷயம். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி மறுபடி மேலே ஏறுகிறேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள எனக்கு ஆள் வேண்டும். உன் அத்தானால் அண்ணாந்து பார்க்க முடியாது, கழுத்து வலி. நீ வர வேண்டும்.

காத்திருக்கும்,
அக்கா


ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

சுவரோடு பதித்த இரும்பு ஏணி என்று நீயேதான் எழுதியிருந்தாய். அதைப் பிடித்துக்கொள்ள எதற்கு ஆள்?

ரயில் ஒன்றாம் தேதி புறப்படுகிறது. சீட்டு எடுத்துவிட்டேன். ஜன்னலோரம், கம்பி பக்கத்தில். அத்தானுக்கு என் வணக்கம்.

சுண்டு


ஆகஸ்ட் 5, அரங்கில்

அன்புள்ள சுண்டுவுக்கு,

நான் நலம். நீ நலம் என்பது எனக்கே தெரிகிறது, எனக்கு நேர் கீழேதான் நிற்கிறாய். உன் உச்சந்தலையில் ராஜாவைப் போலவே ஒரு வழுக்கை ஆரம்பித்திருக்கிறது. நேரில் சொன்னால் வருத்தப்படுவாய் என்று கடிதத்தில் எழுதுகிறேன்.

மூன்றாவது விளக்கைத் திருப்பிவிட்டேன். மேலாளர் மேடை நடுவில் நின்று, "இன்னும் கொஞ்சம் இடது, போதும், போதும்" என்று சொன்னது உன் காதிலும் விழுந்திருக்கும். நீ அண்ணாந்து பார்க்கவில்லை. நான் ஏறத் தொடங்கியதிலிருந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு, அசைக்கவே முடியாத அந்த ஏணியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறாய். "நான் விடமாட்டேன் அக்கா, நீ போ" என்று நீ சொன்னாயே, அதைக் கேட்டுத்தான் ஏறினேன், மேலே கம்பியிலிருந்து கையையும் விட்டேன். ஏறியபோது எனக்கு அழுகை வந்தது. பயத்தினால் இல்லை.

வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். சாப்பிடும்போது மேஜை விளிம்பு, பேசும்போது கதவு நிலை, தெருவில் உன் அத்தானின் சட்டைக் கை. கேட்காமல் இருக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன் பார்.

மேலாளரும் உன் அத்தானும் தேநீர் குடிக்க வெளியே போய்விட்டார்கள். வெள்ளைத் துணிகளை எடுத்துவிட்டதால் நாற்காலிகள் சிவப்பாக இருக்கின்றன. என் விளக்கின் வெளிச்சம் மேடையில் விழுந்து கிடக்கிறது, அதன் ஓரத்தில் நீ. அரங்கு மெல்ல ஒரு பக்கமாக நகர்கிறது. அது இனி எப்போதும் கொஞ்சம் நகரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நகரட்டும்.

இந்தக் கடிதத்தை ஒரு கையால் எழுதுகிறேன். இன்னொரு கை காகிதத்தை முழங்காலில் அழுத்திப் பிடித்திருக்கிறது. கம்பியைப் பிடிக்க என்னிடம் மூன்றாவது கை இல்லை.

இப்போது உன்னைக் கூப்பிடப்போகிறேன். கண்ணைத் திறந்து மேலே பார். இதை இங்கிருந்து கீழே விடுகிறேன். காகிதம் லேசானது, நேராக வராது, அலைந்து அலைந்துதான் வரும். இதைப் பிடிக்க நீ ஏணியை விட வேண்டும்.

அக்கா